அட்லாண்டிக் புயல் நெருங்கும்போது முன்னறிவிப்புகளைப் படிக்கும் முறை

அட்லாண்டிக் புயல் ஒன்றைப் பின்தொடர விரும்புகிறவர் வரைபடத்துக்கு முன்பே கடிகாரத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். மயாமியில் இயங்கும் அமெரிக்கத் தேசிய சூறாவளி மையம் ஒரு புயலுக்கு அறிக்கை வெளியிடத் தொடங்கிவிட்டால், கிழக்கு அமெரிக்கக் கோடைகால நேரப்படி காலை 5 மணி, 11 மணி, மாலை 5 மணி, இரவு 11 மணி என நாளுக்கு நான்கு முழு அறிக்கைகள் வரும். கரையோரத்தில் எச்சரிக்கை நடப்பில் இருந்தால் அவற்றுக்கு நடுவே 2 மணிக்கும் 8 மணிக்கும் இடைக்கால அறிக்கைகளும் சேரும். கணினிக் கணிப்பு மாதிரிகளோ உலகப் பொது நேரப்படி 00, 06, 12, 18 மணி நிலவரங்களை எடுத்துக்கொண்டு ஓடுகின்றன. அந்தப் பொது நேரம் கிழக்கு அமெரிக்கக் கோடைகால நேரத்தைவிட 4 மணி நேரம் முன்னால் இருக்கும். படங்களின் மூலையில் எண்ணுக்குப் பின் வரும் ‘இசட்’ என்ற எழுத்து அதையே குறிக்கிறது. நான் தொடங்கிய காலத்தில் அந்த எழுத்தைப் பொருட்படுத்தாமல், பழைய ஓட்டத்தின் படத்தைப் புதியது என்று எண்ணி ஓர் இரவு முழுவதும் வீணாகக் கவலைப்பட்டிருக்கிறேன்.

இந்த நேர ஒழுங்கு பிடிபட்டால் ஒரு பெரிய குழப்பம் நீங்கிவிடும். காலை 11 மணி அறிக்கை, அன்று காலை 8 மணிக்குப் புயல் இருந்த நிலையை அடிப்படையாகக் கொண்டு எழுதப்படுகிறது. அதை எழுதுகிறவரின் கையில் அந்த வேளையில் இருப்பவை முந்தைய மாதிரி ஓட்டங்களின் முடிவுகளே. அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரியின் 12 மணி ஓட்டம் கிழக்கு நேரப்படி நண்பகலை ஒட்டித்தான் முழுமையாக வந்து சேர்கிறது; ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஓட்டம் வருவதற்குப் பிற்பகல் இரண்டு, மூன்று மணி ஆகிவிடும். ஆகவே நண்பகலில் ஒரு மாதிரி புதிய திசையைக் காட்டும்போது, அதிகாரப்பூர்வப் பாதை ஏன் இன்னும் மாறவில்லை என்று பதறத் தேவையில்லை. அந்த மாற்றத்துக்கு மையம் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்பது மாலை 5 மணி அறிக்கையில்தான் தெரியும்.

பெயர் சூட்டப்படுவதற்கு முன்

பருவம் ஜூன் 1 அன்று தொடங்கி நவம்பர் 30 வரை நீடிக்கிறது. செப்டம்பர் 10 வாக்கில் உச்சத்தைத் தொடுகிறது. இந்தக் காலம் முழுவதும் மையம் நாளுக்கு நான்கு முறை வெப்பமண்டல வானிலை நோக்கு அறிக்கையை வெளியிடுகிறது. ஒரு மேகக்கூட்டம் புயலாக உருவாவதற்கான வாய்ப்பு அடுத்த 2 நாள்களில் எவ்வளவு, 7 நாள்களில் எவ்வளவு என்று அது சதவிகிதத்தில் சொல்லும். 40 சதவிகிதத்துக்குக் கீழே மஞ்சள், 40 முதல் 60 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. இங்கே புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. வரைபடத்தில் வண்ணம் தீட்டப்பட்டிருக்கும் பரப்பு, புயல் உருவாகக்கூடிய இடத்தைக் காட்டுகிறதே ஒழிய, உருவான பின் அது செல்லும் பாதையைக் காட்டுவதில்லை.

மையம் கூர்ந்து கவனிக்கத் தொடங்கும் கலக்கங்களுக்கு 90 முதல் 99 வரை ஓர் எண்ணும், அட்லாண்டிக்கைக் குறிக்கும் ‘எல்’ என்ற எழுத்தும் தரப்படும். எண்கள் தீர்ந்ததும் மீண்டும் 90இலிருந்து தொடங்குவதால், 93எல் என்ற பெயரில் ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கலக்கங்கள் வரக்கூடும். தேடும்போது தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் மாதிரிகளின் பாதைக் கோடுகளை நான் ஏறத்தாழ ஒதுக்கியே வைக்கிறேன். சுழற்சியின் மையப்புள்ளி இன்னும் உருவாகாத நிலையில், அது எங்கே உருவாகும் என்பதை ஒவ்வொரு ஓட்டமும் தனித்தனியே ஊகிக்கிறது. அந்தப் புள்ளி 200 கிலோமீட்டர் வடக்கே உருவானால் போகும் கரையே வேறாகிவிடலாம். பத்தாம் நாளில் ஒரு மாதிரி ஏதோ ஒரு நகரத்தின் மீது வரையும் ஐந்தாம் வகைச் சூறாவளி (காற்றின் வேகப்படி மிக வலுவான வகை) அடுத்த ஓட்டத்தில் காணாமல் போவது வாடிக்கை.

கலந்தாய்வு அறிக்கையே முதுகெலும்பு

முழு அறிக்கை வெளியாகும் ஒவ்வொரு முறையும் பொதுமக்களுக்கான அறிக்கை, கப்பல்களுக்கு உதவும் எண்வடிவ அறிக்கை, காற்று வேக நிகழ்தகவு, முன்னறிவிப்புக் கலந்தாய்வு என்று பல ஆவணங்கள் ஒன்றாக வருகின்றன. நேரம் குறைவாக இருந்து ஒன்றை மட்டும் படிக்க முடியும் என்றால் கலந்தாய்வைப் படியுங்கள். அதை எழுதிய வானிலையாளர் தம் பெயரை இறுதியில் இடுகிறார். புயலின் இப்போதைய அமைப்பு, அதை நகர்த்தும் காற்றோட்டம், வலுவில் எதிர்பார்க்கப்படும் மாற்றம் ஆகியவற்றை வரிசையாக விளக்கி, தம் கணிப்பில் எந்தப் பகுதியில் தமக்கு உறுதி குறைவு என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறார். வரைபடத்தில் இந்தத் தயக்கம் தெரியாது.

அதில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, புதிய பாதை முந்தைய பாதையிலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறது, மாதிரிகளின் தொகுப்பு எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று ஒப்பிடும் வாக்கியம். அறிக்கைக்கு அறிக்கை பாதை இடமும் வலமுமாக அலைபாய்ந்தால் கரையோர மக்கள் குழம்புவார்கள் என்பதால், மையம் தன் பாதையைச் சிறிது சிறிதாகவே நகர்த்துகிறது. மாதிரிகள் மேற்கே வெகுவாக நகர்ந்துவிட்டன, அதிகாரப்பூர்வப் பாதை அந்தத் திசையில் பாதியளவே மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒரு கலந்தாய்வு சொன்னால், மாதிரிகள் அதே நிலையில் நீடிக்கும் வரை அடுத்த அறிக்கையிலும் பாதை மேற்கே நகரும் என்று எதிர்பார்க்கலாம். அடுத்த வரைபடம் வருவதற்கு ஆறு மணி நேரம் முன்னதாகவே அதன் போக்கை இவ்வாறு ஓரளவு அறிந்துகொள்ள முடிவது, இந்த ஆவணத்தைப் படிப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் ஆதாயம்.

கூம்பு சொல்வதும் சொல்லாததும்

புயலின் மையம் போகக்கூடிய பரப்பைக் காட்டும், தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்கும் வெள்ளைக் கூம்பு, கடந்த 5 ஆண்டுகளில் மையத்தின் பாதைக் கணிப்புகளில் நேர்ந்த பிழைகளை வைத்து வரையப்படுகிறது. ஒவ்வொரு கணிப்பு நேரத்துக்கும் ஒரு வட்டம் வரைந்து, மூன்றில் இரண்டு பங்குப் பிழைகள் அதற்குள் அடங்குமாறு அதன் ஆரம் தீர்மானிக்கப்படுகிறது. அந்த வட்டங்களை இணைத்தால் கூம்பு கிடைக்கிறது. ஐந்தாம் நாளில் அந்த ஆரம் ஏறத்தாழ 200 கடல் மைல். இதிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ள வேண்டும். புயலின் மையம் மூன்றில் ஒரு பங்கு நேரம் கூம்புக்கு வெளியே போகலாம் என்பது முதலாவது. இரண்டாவது செய்தி பலருக்கும் தெரியாதது. அந்தப் பருவத்தின் எல்லாப் புயல்களுக்கும் வட்டங்களின் அளவு ஒன்றே என்பதால், இந்தக் குறிப்பிட்ட புயலின் கணிப்பு எளிதா கடினமா என்பதைக் கூம்பின் அகலத்திலிருந்து அறிய முடியாது. புயலின் பருமனையும் அது காட்டுவதில்லை. பலத்த காற்றும் மழையும் கடல்நீரும் கூம்பைத் தாண்டி வெகுதூரம் பரவும்.

கூம்பின் நடுக்கோட்டை மட்டும் நம்புவதன் விளைவு 2004 ஆகஸ்ட் 13 அன்று ஃபுளோரிடாவில் தெரிந்தது. சார்லி சூறாவளியின் நடுக்கோடு தம்பா விரிகுடாவை நோக்கியிருந்ததால் கவனம் அங்கேயே குவிந்திருந்தது. புயலோ சற்று முன்னதாகத் திரும்பி, 100 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, புன்டா கோர்டாவை ஒட்டி நான்காம் வகை வலுவோடு கரையேறியது. அந்தப் பகுதி கூம்புக்குள்தான் இருந்தது, சூறாவளி எச்சரிக்கையும் அங்கே நடப்பில் இருந்தது. 2022இல் இயன் சூறாவளியும் தம்பா பற்றிய பேச்சிலேயே பல நாள்களைக் கழித்துவிட்டு, செப்டம்பர் 28 அன்று ஏறத்தாழ அதே தென்மேற்குக் கரையைத் தாக்கியது. இதன் வடிவியலை ஒருமுறை தாளில் வரைந்து பாருங்கள். புயல் கரையைச் செங்குத்தாக வெட்டினால் திசையில் நேரும் சிறு பிழை கரையேறும் இடத்தைச் சிறிதளவே மாற்றும். கரைக்கு ஏறத்தாழ இணையாக நகரும் புயலில் ஐந்து பாகை மாற்றம்கூட இடத்தை நூறு கிலோமீட்டர் தள்ளிவிடும்.

கூம்புக்கு அருகிலேயே இருந்தும் குறைவாகப் பார்க்கப்படும் படம், வெப்பமண்டலப் புயல் வலுவுள்ள காற்று, அதாவது மணிக்கு 39 மைல் காற்று, ஓர் இடத்தை எப்போது வந்தடையும் என்று காட்டும் வரைபடம். பெரும்பாலும் வரக்கூடிய நேரம் என்றும், நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய மிக முந்தைய நேரம் என்றும் அது இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. வீட்டைப் பாதுகாக்கும் வேலையோ வெளியேறும் பயணமோ அதற்குள் முடிந்திருக்க வேண்டும் என்பதால், கரையேறும் நேரத்தைவிட எனக்கு இது முக்கியமாகத் தெரிகிறது. மையத்தின் சூறாவளிக் கண்காணிப்பு அறிவிப்பும் எச்சரிக்கையும் இதே காற்றின் வரவை வைத்தே, முறையே ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கும் 36 மணி நேரத்துக்கும் முன்பு வெளியிடப்படுகின்றன.

மாதிரிகளை எப்படிப் பார்ப்பது

இப்போதுதான் மாதிரிகளுக்கு வருகிறோம். பெரும்பாலோர் தொடங்கும் இடமும் திசைகெடும் இடமும் இதுவே. பல வண்ணக் கோடுகள் பின்னிக்கிடக்கும் ‘ஸ்பகெட்டி’ படத்தில் எல்லாக் கோடுகளும் சமமானவை அல்ல. ‘எக்ஸ்.டி.ஆர்.பி.’ என்று குறித்த கோடு, புயல் இப்போது போகும் திசையிலேயே நேராக நீட்டப்பட்ட கோடு மட்டுமே. அதில் வானிலை அறிவியல் எதுவும் இல்லை. கடந்தகாலப் புயல்களின் சராசரிப் போக்கை மட்டும் சொல்லும் கோடுகளும் ஒப்பீட்டுக்காகவே இருப்பவை. இவற்றை நீக்கிவிட்டு ஜி.எஃப்.எஸ்., ஐரோப்பிய மாதிரி, பிரிட்டனின் மாதிரி, 2023இல் நடைமுறைக்கு வந்த ஹாஃப்ஸ் என்னும் சூறாவளிக்கென்றே அமைந்த மாதிரி ஆகியவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் படம் தெளிவாகும். 2025 பருவத்திலிருந்து கூகுள் டீப்மைண்டின் செயற்கை நுண்ணறிவு மாதிரியும் பாதைக் கணிப்பில் புறக்கணிக்க முடியாத இடத்தைப் பிடித்திருக்கிறது.

2012இல் சாண்டி சூறாவளியின்போது, ஜி.எஃப்.எஸ். அதைக் கடலுக்குள் விலக்கிக்கொண்டு போக, ஐரோப்பிய மாதிரி ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்பே அது இடப்பக்கம் திரும்பி அமெரிக்க வடகிழக்குக் கரையைத் தாக்கும் என்று காட்டியது. அக்டோபர் 29 அன்று புயல் நியூ ஜெர்சியில் கரையேறியது. அந்த வெற்றிக்குப் பின் ‘ஐரோப்பியர் சொன்னால் சரி’ என்ற ஒருவகை பக்தி ஆர்வலர்களிடையே பரவிவிட்டது. அதை நான் ஏற்பதில்லை. எந்தப் புயலில் எந்த மாதிரி வெல்லும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதால்தான், பல மாதிரிகளின் சராசரியாகிய ஒருமித்த கணிப்பும், அதைச் சார்ந்து மனிதர் எழுதும் அதிகாரப்பூர்வக் கணிப்பும் நெடுங்காலச் சராசரியில் தனி மாதிரிகள் பெரும்பாலானவற்றை மிஞ்சுகின்றன.

ஒரே மாதிரியின் இரண்டு ஓட்டங்களை ஒப்பிடும்போது கணிப்பு மணியைப் பார்க்காமல், கணிப்பு எந்த நாளுக்கு, எந்த வேளைக்கு உரியது என்பதைப் பாருங்கள். 12 மணி ஓட்டத்தின் 96ஆம் மணிப் படமும் அதற்கு முந்தைய 00 மணி ஓட்டத்தின் 108ஆம் மணிப் படமுமே ஒரே வேளையைக் குறிப்பவை. ஓர் ஓட்டம் மட்டும் விலகினால் குறித்து வைத்துவிட்டு விடுங்கள். மூன்று, நான்கு ஓட்டங்கள் தொடர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால் காரணத்தைத் தேடுங்கள். அந்தக் காரணம் பெரும்பாலும் புயலில் இருக்காது, அதைச் சுற்றியுள்ள காற்றோட்டத்தில் இருக்கும். அட்லாண்டிக்கின் நடுவே பெர்முடாவுக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் இடையே நிற்கும் உயரழுத்தம் மேற்கே நீண்டிருந்தால் புயல் அதன் தெற்கு விளிம்பில் மேற்கு நோக்கியே தள்ளப்படும். அது பின்வாங்கி, அமெரிக்கக் கண்டத்தின் மேல் ஒரு தாழ்வழுத்தப் பள்ளம் இறங்கினால், அந்த இடைவெளி வழியே புயல் வடக்கே திரும்பும். வலுவான புயல் உயரம் வரை எழுந்து நிற்பதால் இந்த மேல்மட்டக் காற்றுக்கு எளிதில் வசப்படும். வலுக்குன்றிய புயலோ கீழ்மட்டக் காற்றோடு மேற்கே போய்க்கொண்டிருக்கும். வலுவைப் பற்றிய கணிப்பு தவறினால் பாதைக் கணிப்பும் தவறுவது இதனால்தான்.

தொகுப்புக் கணிப்புகள் இந்தக் குறிப்பிட்ட புயலின் நிச்சயமின்மையைக் காட்டுபவை. கூம்பால் முடியாதது அது. தொடக்க நிலவரத்தைச் சற்றே மாற்றி மாற்றி ஐரோப்பிய மையம் 50 முறையும் ஜி.எஃப்.எஸ். மாதிரியை இயக்கும் அமெரிக்க மையம் 30 முறையும் மாதிரியை ஓட்டுகின்றன. கோடுகள் நெருங்கியிருந்தால் நம்பலாம், விரிந்திருந்தால் பொறுத்திருக்கலாம். ஆனால் கோடுகள் இரண்டு கொத்தாகப் பிரிந்து, ஒன்று மெக்சிகோ வளைகுடாவுக்கும் மற்றொன்று திறந்த கடலுக்கும் போனால், நடுவில் வரையப்படும் சராசரிக் கோட்டின் மீது ஒரு கணிப்புக்கூட இருக்காது. அப்படிப்பட்ட வேளையில் சராசரியைப் பார்ப்பது பயனற்றது. எந்தக் கொத்தில் கோடுகள் கூடுகின்றன என்பதை ஓட்டத்துக்கு ஓட்டம் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

வலுவும் நேரடி அளவீடுகளும்

புயலின் வலுவைக் கணிப்பது பாதையைக் கணிப்பதைவிடக் கடினம். கடல்பரப்பு 26.5 பாகை செல்சியசுக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்கிறதா, உயரத்துக்கு உயரம் காற்று மாறி மேகக்கோபுரத்தைச் சாய்க்கிறதா, சஹாராவிலிருந்து வரும் வறண்ட புழுதிக்காற்று உள்ளே நுழைகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால் பாதி வேலை முடிந்தது. 24 மணி நேரத்தில் காற்று வேகம் 35 மைலாவது கூடினால் அது விரைவுத் தீவிரமடைதல். 2024 அக்டோபரில் மெக்சிகோ வளைகுடாவில் மில்டன் சூறாவளியின் காற்று ஒரே நாளில் ஏறத்தாழ 90 மைல் கூடி ஐந்தாம் வகையை எட்டியது. அதே புயல் மேல்மட்டக் காற்றால் சிதைக்கப்பட்டு, அக்டோபர் 9 அன்று மூன்றாம் வகையாகக் கரையேறியது.

புயல் விமானங்களின் எட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டால் ஊகத்தின் இடத்தை அளவீடு பிடித்துக்கொள்ளும். மிசிசிப்பியின் பிலாக்சியில் உள்ள கீஸ்லர் தளத்திலிருந்து 53ஆவது வானிலை உளவுப் படைப்பிரிவும், ஃபுளோரிடாவின் லேக்லேண்டிலிருந்து நோவா என்னும் அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பின் விமானங்களும் புறப்படுகின்றன. பத்தாயிரம் அடி உயரத்தில் அளக்கப்படும் காற்றில் ஏறத்தாழ 90 சதவிகிதமே கடல்மட்டத்தில் இருக்கும் என்பதால், விமானத்தின் எண்ணை அப்படியே புயலின் வேகமாக அறிவித்துவிடக் கூடாது. காற்றைவிட மைய அழுத்தத்தைக் கவனியுங்கள். விமானம் புயலுக்குள் அடுத்தடுத்து நுழையும்போது அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தால் காற்று சற்றுப் பிந்தியேனும் அதைப் பின்தொடரும். நோவாவின் உயரப் பறக்கும் ஜெட் விமானம் புயலைச் சுற்றி அளவிக் கருவிகளை வீசிய பின் வரும் மாதிரி ஓட்டங்களுக்கு நான் சற்றுக் கூடுதல் மதிப்புத் தருகிறேன், ஏனெனில் புயலை நகர்த்தும் காற்று அவற்றில் நேரடியாக அளக்கப்பட்டிருக்கிறது.

விமானம் இல்லாத வேளையில் 2025 ஏப்ரல் முதல் கிழக்கு வானத்தைக் கவனிக்கும் கோஸ் 19 செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு முழுப்படமும், தேர்ந்தெடுத்த பரப்பில் நிமிடத்துக்கு ஒன்றும் தருகிறது. இரவில் அகச்சிவப்புப் படத்தில் செந்நிறமாகக் கொழுந்துவிடும் மேகத்தைக் கண்டு மயங்காதீர்கள். விடிந்தபின் சாய்வெயிலில் எடுக்கும் படத்தில், சுழற்சியின் மையம் அந்த மேகத்துக்கு வெளியே வெறுமையாகச் சுற்றிக்கொண்டிருப்பது பலமுறை தெரியவரும்.

வகை எண்ணுக்கு அப்பால்

சாஃபிர்–சிம்ப்சன் அளவுகோல் காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கிறது. மேலே சொன்ன சார்லி நான்காம் வகை. ஆனால் உருவில் சிறியது என்பதால் அது எழுப்பிய புயல் எழுச்சி (புயல் கரைக்குத் தள்ளும் கடல்நீர்) 7 அடியை ஒட்டியே இருந்தது. 2008இல் டெக்சாஸின் கால்வெஸ்டனில் கரையேறிய ஐக் இரண்டாம் வகைதான். பரந்த உருவத்தோடு நெடுந்தூரம் கடலைத் தள்ளிக்கொண்டு வந்ததால் அருகிலுள்ள பொலிவர் தீபகற்பத்தில் 15 முதல் 20 அடி வரை நீர் ஏறியது. ஆகவே வகை எண்ணைக் குறித்துக்கொள்ளும் அதே வரியில் காற்றுப் பரப்பின் ஆரத்தையும், புயல் எழுச்சி வரைபடத்தில் உங்கள் கரைக்குத் தந்திருக்கும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த உயரம் தரைமட்டத்துக்கு மேல் நிற்கக்கூடிய நீரின் அளவு. வெளியேறும்படி உள்ளூர் அதிகாரிகள் ஆணையிட்டால், மாதிரிகள் என்ன சொன்னாலும் அந்த ஆணைப்படியே நடக்க வேண்டும்.

கடைசி 24 மணி நேரத்தில் உலக மாதிரிகளை மூடி வைத்துவிட்டு, ரேடாருக்கும் உள்ளூர்த் தேசிய வானிலைச் சேவை அலுவலகத்தின் அறிவிப்புகளுக்கும் மாறிவிடலாம். புயல் கரையேறியதும் ஆர்வலர்களில் பலர் அடுத்த மேகக்கூட்டத்தைத் தேடப் போய்விடுகிறார்கள். புயல் உள்நாட்டில் வலுக்குன்றியபின் அதன் அறிக்கைகளை மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள வானிலை முன்னறிவிப்பு மையம் ஏற்றுக்கொள்கிறது. அதன் மிகைமழை நோக்கு வரைபடமே அப்போது முதன்மையான ஆவணம். 2024 செப்டம்பர் 26 அன்று ஃபுளோரிடாவில் கரையேறிய ஹெலீன், மறுநாள் பல நூறு கிலோமீட்டர் வடக்கே வட கரோலினாவின் மேற்கு மலைகளில் பேரழிவு வெள்ளத்தைக் கொண்டுவந்தது. புயலின் பெயர் வரைபடத்திலிருந்து மறைந்தாலும், மழை நிற்கும் வரை அந்த வரைபடத்தைத் திறந்தே வைத்திருங்கள்.